ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ்: பறக்கத் தெரியாத சூப்பர்மேன்

சூப்பர்மேன் கதை எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேற்றுக் கிரகத்துக் குழந்தை, கிராமத்துத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள், பெரியவனானதும் பத்திரிகை ஆபீஸில் வேலை, சட்டையைப் பிரித்தால் உள்ளே எஸ் எழுத்து, அப்புறம் பறப்பான். கிரிஸ்டஃபர் ரீவ் நடித்த 1978 படத்தை டிவியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் சூப்பர்மேன் காமிக்ஸ் என்று ஒன்றைக் கையில் எடுத்து ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் இல்லை நான்.

அதனால் எங்கே தொடங்குவது என்று யோசித்து, ஆரம்பத்திலேயே தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். 1938 ஜூன் என்று தேதியிட்டு வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். அசலை நான் வாங்கவில்லை, பயப்பட வேண்டாம். அசல் படி ஒன்று 2024-ல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. நான் படித்தது மறுபதிப்பு. படித்து முடித்தபோது, எனக்குத் தெரிந்த சூப்பர்மேனுக்கும் இந்த ஆளுக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை என்று தோன்றியது. ஏன் அப்படி என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். காமிக்ஸைக் கரைத்துக் குடித்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இது புதிதாக வந்த ஒருத்தனின் பார்வை.

அட்டையில் யார் வில்லன்?

அட்டையைப் பாருங்கள். நீல உடையும் சிவப்பு மேலங்கியும் போட்ட ஒருத்தன் ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் மோதி நொறுக்குகிறான். டயர் ஒன்று கழன்று போகிறது. சுற்றி இருக்கிற ஆட்கள் அலறி ஓடுகிறார்கள். முன்னால் இருப்பவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, நம்மை நோக்கியே ஓடி வருகிறான்.

சூப்பர்மேன் யார் என்றே தெரியாத 1938-ஆம் ஆண்டுச் சிறுவனாக உங்களை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். இவனைக் காப்பாற்ற வந்தவன் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எனக்கு ஏதோ பூதம் ஊருக்குள் புகுந்துவிட்டது மாதிரிதான் இருந்தது. யாருடைய கார், ஏன் உடைக்கிறான், ஓடுகிறவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா, ஒன்றும் தெரியாது. பத்து சென்ட் கொடுத்து உள்ளே போனால்தான் தெரியும். வியாபாரத்துக்கு நல்ல தந்திரம்தான். ஆனால் பதிப்பகத்தாருக்கே இந்த அட்டையில் முழு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஐந்து இதழ்களின் அட்டைப் படத்தில் சூப்பர்மேன் இல்லை. ஏழாவது இதழில்தான் மறுபடி வருகிறான்.

64 பக்கத்தில் 13

இன்னொன்றும் நான் எதிர்பார்க்கவில்லை. புத்தகம் முழுக்க சூப்பர்மேன் இல்லை. 64 பக்கத்தில் அவனுக்குக் கிடைத்தது 13 பக்கம். மிச்சமெல்லாம் கதம்பம். சக் டாஸன் என்று ஒரு கௌபாய். ஜடாரா என்று தொப்பியும் கோட்டும் போட்ட மந்திரவாதி. பெப் மார்கன் என்று ஒரு விளையாட்டு வீரன். ஸ்கூப் ஸ்கான்லன் என்று ஒரு நிருபர். டெக்ஸ் தாம்ஸன் என்று ஊர் சுற்றும் சாகசக்காரன். நடுவில் மார்கோ போலோவின் பயணம் வேறு. நம் ஊர் தீபாவளி மலர் மாதிரி எல்லாருக்கும் ஏதாவது ஒன்று.

படமே இல்லாமல் வெறும் எழுத்தாக இரண்டு பக்கக் கதை ஒன்றும் இருக்கிறது. இது எதற்கு என்று முதலில் புரியவில்லை. தபால் துறைக் கணக்குதான் காரணம். பத்திரிகைகளுக்கான மலிவுக் கட்டணத்தில் அனுப்ப வேண்டுமென்றால் இதழில் கொஞ்சமாவது உரைநடை இருக்க வேண்டும் என்பது அன்றைய அமெரிக்க விதி. அதனால் அந்தக் காலத்து காமிக்ஸ் எல்லாவற்றிலும் இப்படி இரண்டு பக்கம் இருக்கும். பையன்கள் அதைப் படித்தார்களா என்பது வேறு விஷயம். கௌபாய் கதையின் முதல் பக்கத்தை வாசகர்களே வண்ணம் தீட்டிக் கிழித்து அனுப்பச் சொல்லி ஒரு போட்டியும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் கிழித்து அனுப்பினார்களோ! இன்றைக்கு அந்தப் பக்கத்தின் விலை தெரிந்தால் அவர்கள் பேரன்கள் அழுவார்கள்.

கதை என்ன?

முதல் பக்கத்திலேயே பிறப்பு, வளர்ப்பு எல்லாம் முடிந்துவிடுகிறது. தூரத்துக் கிரகம் ஒன்று முதுமையால் அழிகிறது. ஒரு விஞ்ஞானி தன் கைக்குழந்தையை விண்கலத்தில் வைத்து பூமிக்கு அனுப்புகிறான். அந்த வழியே காரில் போன ஒருவர் கண்டெடுத்து அனாதை விடுதியில் சேர்க்கிறார். அங்கே குழந்தை நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கி எல்லாரையும் வாய் பிளக்க வைக்கிறது. அவ்வளவுதான். கிரகத்துக்குப் பெயர் இல்லை. வளர்த்த அப்பா அம்மா இல்லை. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணன் நமக்கு உடனே ஞாபகம் வரும். கதையை எழுதியவர் யூதர் என்பதால் அங்கே எல்லாரும் மோசேயைச் சொல்வார்கள். எப்படியானாலும் ஆசிரியர்களுக்கு அதில் நிற்க நேரமில்லை.

அடுத்து அவனுடைய சக்தியின் பட்டியல். எட்டில் ஒரு மைல் தாவுவான், அதாவது சுமார் 200 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமாக ஓடுவான். வெடிகுண்டைத் தவிர வேறு எதுவும் அவன் தோலைத் துளைக்காது. கவனியுங்கள், பறப்பான் என்று எங்கேயும் இல்லை. கண்ணிலிருந்து நெருப்பு வராது. சுவரை ஊடுருவிப் பார்க்க மாட்டான். பெரிய வெடிகுண்டு விழுந்தால் அவனுக்கும் ஆபத்துதான் என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் 'விஞ்ஞான விளக்கம்' என்று தனியாக ஒரு கட்டம் வேறு: எறும்பு தன் எடையைப் போலப் பல நூறு மடங்கைத் தாங்குகிறது, வெட்டுக்கிளி தன் உயரத்துக்கு எத்தனையோ மடங்கு தூரம் தாவுகிறது, அதுபோலத்தான் இவனும் என்கிறார்கள். சூரிய ஒளியால் சக்தி கிடைக்கிறது என்ற கதையெல்லாம் பின்னால் சேர்த்தது.

இரண்டாம் பக்கத்தில் திடீரென்று ராத்திரி. சூப்பர்மேன் கட்டிப்போட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நான் ஒரு பக்கத்தைத் தவற விட்டுவிட்டேனோ என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை, கதை அப்படித்தான் தொடங்குகிறது. அவன் போவது கவர்னர் வீட்டுக்கு. எவலின் கர்ரி என்ற நிரபராதிப் பெண்ணை மின்சார நாற்காலியில் உட்கார வைக்க இன்னும் சில நிமிடங்களே இருக்கின்றன. உண்மையான கொலைகாரிதான் இவன் தூக்கி வந்திருக்கும் பெண். கையெழுத்திட்ட வாக்குமூலமும் கையில் இருக்கிறது. வேலைக்காரர் உள்ளே விட மறுக்கிறார். கதவை உடைக்கிறான். கவர்னர் தூங்கும் அறைக்கு இரும்புக் கதவு. அதையும் பிய்த்து எடுக்கிறான். துப்பாக்கியால் சுட்டால் குண்டு பட்டுத் தெறிக்கிறது. கவர்னர் தொலைபேசியை எடுக்கிறார், எவலின் பிழைக்கிறாள்.

அங்கிருந்து கிளார்க் கென்ட் வேலை பார்க்கும் டெய்லி ஸ்டார் பத்திரிகை அலுவலகம். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று தகவல் வருகிறது. சூப்பர்மேன் போய் அந்த ஆளைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான். அவன் கத்தியால் குத்த, கத்தி உடைகிறது, ஆள் மயங்கி விழுகிறான். அடுத்து லோயிஸ் லேன் வேண்டா வெறுப்பாக கிளார்க்கோடு நடன விடுதிக்கு வருகிறாள். பட்ச் மாட்ஸன் என்ற ரவுடி வந்து அவளை ஆட வரச்சொல்லி வம்பு செய்கிறான். கிளார்க் பயந்தாங்கொள்ளி மாதிரி நடிக்கிறான். லோயிஸ் தானே ரவுடியை ஓர் அறை விட்டுவிட்டு, கிளார்க்கின் மூஞ்சிக்கு நேராகவே நீ ஒரு கோழை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். ரவுடிகள் துரத்திப் போய் அவளைக் கடத்துகிறார்கள். அப்புறம் வருவதுதான் அட்டைப் படக் காட்சி. காரைத் தூக்கி உள்ளே இருப்பவர்களைப் புளியம்பழம் மாதிரி உலுக்கி எடுத்துவிட்டு, காரை நொறுக்குகிறான். பட்ச் மாட்ஸனைத் தந்திக் கம்பத்தில் தொங்கவிடுகிறான்.

கடைசிப் பகுதி வேறு தளத்துக்குப் போகிறது. சான் மாண்டே என்ற தென்னமெரிக்கக் கற்பனை நாட்டில் போர். போய் எழுதிக்கொண்டு வா என்கிறார் ஆசிரியர். கிளார்க் அங்கே போகவில்லை. ரயிலேறி வாஷிங்டனுக்குப் போகிறான்! அங்கே செனட்டர் பாரோஸ் என்பவரும் அலெக்ஸ் கிரீர் என்ற தரகரும் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். நாட்டை ஐரோப்பியச் சண்டையில் இழுத்துவிடக்கூடிய மசோதா ஒன்றை, யாரும் சுதாரிப்பதற்குள் நிறைவேற்றிவிடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். சூப்பர்மேன் கிரீரைத் தூக்கிக்கொண்டு தந்திக் கம்பிகள் மேல் ஓடுகிறான். ஆளைப் பயமுறுத்தி உண்மையைக் கறக்கத்தான். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில், தொடரும்.

ஏன் நடுவிலிருந்து தொடங்குகிறது?

இரண்டாம் பக்கத்தில் நான் தடுமாறியதற்குக் காரணம் இருந்தது. நிஜமாகவே பக்கங்கள் இல்லை.

ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் இந்தக் கதையைப் புத்தகத்துக்காகச் செய்யவில்லை. தினசரிகளில் வரும் நான்கு கட்டத் தொடருக்காகச் செய்தார்கள். பெயரும் மரியாதையும் பணமும் அப்போது அங்கேதான். இரண்டு பேரும் க்ளீவ்லேண்ட் நகரில் க்ளென்வில் உயர்நிலைப் பள்ளியில் படித்த நண்பர்கள். இருவருமே 1914-ல் பிறந்தவர்கள், யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். சீகல் எழுத்து, ஷஸ்டர் படம். 1933 ஜனவரியில் தாங்களே தட்டச்சு செய்து வெளியிட்ட சிறு பத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் பயன்படுத்தினார்கள். அதில் சூப்பர்மேன் ஒரு மொட்டைத்தலை வில்லன்! பிறகு அவனை நல்லவனாக்கி ஒரு படக்கதை செய்தார்கள். அது நிராகரிக்கப்பட்டதும் ஷஸ்டர் கோபத்தில் பக்கங்களை எரித்துவிட்டார், அட்டை மட்டும் தப்பியது. அப்புறம் மறுபடி புதிதாகத் தொடங்கி, தினசரித் தொடர்களை விநியோகிக்கும் நிறுவனங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். எல்லா இடத்திலும் வேண்டாம் என்றார்கள்.

1938 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு புதுப் பத்திரிகைக்கு அவசரமாகக் கதை தேவைப்பட்டது. சீகலும் ஷஸ்டரும் 1935 முதலே மால்கம் வீலர்-நிக்கல்சன் என்பவரின் காமிக்ஸ் இதழ்களுக்கு வேலை செய்து வந்தார்கள். அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, ஹாரி டோனென்ஃபெல்ட், ஜாக் லீபோவிட்ஸ் என்ற இருவர் கைக்குப் போயிருந்தது. ஆசிரியர் வின் சல்லிவன் முதல் இதழுக்குப் பக்கம் தேடும்போது, மெக்லூர் என்ற விநியோக நிறுவனத்தில் கிடந்த சூப்பர்மேன் கட்டுகள் அவருக்கு வந்து சேர்ந்தன. 13 பக்கத்துக்குள் அடக்கச் சொன்னார்கள். தினசரிக்கு வரைந்த பட்டைகளை வெட்டி, புத்தகப் பக்க அளவுக்கு ஒட்டினார்கள். இடம் போதாததால் ஆரம்பம் போனது.

வெட்டப்பட்ட ஆரம்பம் 1939 கோடையில் சூப்பர்மேன் தனி இதழ் வந்தபோது அச்சானது. அதில், ஒரு சிறைச்சாலையை முற்றுகையிட்டுக் கைதி ஒருவனைத் தூக்கிலிட வரும் கும்பலிடமிருந்து சூப்பர்மேன் அவனைக் காப்பாற்றுகிறான். எவலின் நிரபராதி, உண்மைக் குற்றவாளி ஒரு கேளிக்கை விடுதிப் பாடகி என்ற செய்தியை அந்தக் கைதிதான் சொல்கிறான். வளர்ப்புப் பெற்றோரான கென்ட் தம்பதியும் அதே இதழில்தான் வருகிறார்கள்.

வெட்டி ஒட்டியது ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது என்று எனக்குப் படுகிறது. மூச்சுவிட நேரமில்லாமல் கதை ஓடுவதற்கு அதுதான் காரணம். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல், நேராக ராத்திரியில் ஓடும் ஆளைக் காட்டுகிறது. ஒரு புது வாசகனை இழுத்துப் பிடிக்க அது போதும். சுமார் 2 லட்சம் படிகள் அச்சடித்தார்கள். சில மாதங்களுக்குள் இதழ் விற்பனை மளமளவென்று ஏறியது.

யாரோடு சண்டை?

இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம். இந்த இதழில் விண்வெளி வில்லன் இல்லை. பைத்தியக்கார விஞ்ஞானி இல்லை. லெக்ஸ் லூதர் இல்லை. சூப்பர்மேன் மோதுபவர்களை வரிசையாக வையுங்கள்: நிரபராதியைக் கொல்லப்போகும் மரண தண்டனை, மனைவியை அடிக்கும் கணவன், பெண்ணிடம் வம்பு செய்யும் ரவுடி, செனட்டரை விலைக்கு வாங்கும் தரகன். நாலுமே அன்றைக்குச் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த விஷயங்கள். நாலாவது ரொம்பவே அப்பட்டம். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதற்கு ஆயுத வியாபாரிகளின் லாபவெறிதான் காரணமா என்று 1934 முதல் 1936 வரை செனட் குழு ஒன்று பகிரங்கமாக விசாரித்தது. ஜெரால்ட் நை என்ற செனட்டர் அதன் தலைவர். அந்த விசாரணையைப் படித்த ஓர் இளைஞன் எழுதிய கதை என்று பார்த்த உடனே தெரிகிறது. இரண்டாம் இதழில் கதை தொடரும்போது சூப்பர்மேன் ஓர் ஆயுத முதலாளியைப் பிடித்துப் போர்முனைக்கே படைவீரனாக அனுப்பிவிடுகிறான். நீ விற்ற குண்டு எப்படி இருக்கிறது என்று நீயே பார் என்கிற மாதிரி.

ஆர்வத்தில் அடுத்த சில இதழ்களையும் புரட்டினேன். மூன்றாவதில், பாதுகாப்பில்லாத சுரங்கம் இடிந்து தொழிலாளி ஒருவர் முடமாகிறார். சூப்பர்மேன் சுரங்க முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் சிக்க வைத்துப் பாடம் கற்பிக்கிறான். எட்டாவதில், குடிசைப் பகுதி ஒன்றை இடித்துத் தள்ளுகிறான், அரசாங்கம் நல்ல வீடு கட்டித் தர வேண்டும் என்பதற்காக. பெருமந்தம் முடியாத, ரூஸ்வெல்ட் காலத்து அமெரிக்கா இது. எழுதினவர்களுக்கு வயது 23. சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். 1932-ல் கடையில் நடந்த திருட்டின்போது விழுந்து இறந்தார். அதற்கும் குண்டு துளைக்காத நாயகனுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சீகல் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அதனால் நான் அந்த முடிச்சைப் போடவில்லை.

ஆனால் படிக்கும்போது எனக்குச் சங்கடமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். யாரையும் கேட்காமல் கதவை உடைக்கிறவன், தனக்குச் சரி என்று பட்டதைப் பலத்தால் சாதிக்கிறவன். 1938-ல் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட ஆட்கள் வேறு சீருடையில் இருந்தார்கள். கதையில் கவர்னரே அதைத்தான் உணர்கிறார். இவன் மனிதனே இல்லை, நல்லவேளை சட்டத்தின் பக்கம் இருப்பது போலத் தெரிகிறது என்று தன் ஆட்களிடம் ஒரு பெருமூச்சு விடுகிறார். 'தெரிகிறது' என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

மறுபடி படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சூப்பர்மேன் நினைத்திருந்தால் நேராகச் சிறைக்குப் போய், சுவரை உடைத்து, எவலினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கவர்னர் வீட்டு இரும்புக் கதவைவிட அது ஒன்றும் கஷ்டமில்லை. அதைச் செய்யவில்லை. வாக்குமூலம் வாங்கி, கையெழுத்துப் போட வைத்து, அதிகாரம் உள்ள ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் தொலைபேசியில் சொல்லும்வரை காத்திருக்கிறான். கதவுகளை உடைப்பதெல்லாம் அந்த ஒரு போன் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதிகாரம் தூங்குகிறது, நடுவில் வேலைக்காரனும் இரும்புக் கதவும் இருக்கின்றன, ஏழையின் மனு போய்ச் சேராது. அந்த மனுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆசிரியர்களுக்கு ஒரு பலசாலி தேவைப்பட்டிருக்கிறான். அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்த யாருக்கும் இந்த ஆசை புரியும்.

130 டாலர்

கதையை விட்டு வெளியே வருவோம். 13 பக்கத்துக்குப் பக்கம் 10 டாலர் வீதம் 130 டாலர். 1938 மார்ச்சில் காசோலை வந்தது. மற்ற வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து மொத்தம் 412 டாலர். அதில் இரண்டு பேரின் பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தன. கூடவே ஒரு தாள். சூப்பர்மேன் மீதான எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். அத்தனை வருஷம் எல்லாரும் திருப்பி அனுப்பிய கதை, இப்போதாவது அச்சில் வரட்டும் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-ல் தினசரித் தொடர், 1940-ல் வானொலி, 1941-ல் கார்ட்டூன் படங்கள். தாவிக்கொண்டிருந்தவன் பறக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். டெய்லி ஸ்டார் டெய்லி பிளானட் ஆனது. ஊருக்கு மெட்ரோபொலிஸ் என்று பெயர் வந்தது. 1940-ல் பொறுப்பேற்ற ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், சூப்பர்மேன் யாரையும் கொல்லக்கூடாது என்று விதி போட்டார். சுரங்க முதலாளிகளும் தரகர்களும் மெல்ல மறைந்து, வில்லன்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரத் தொடங்கினார்கள். முழுக்கப் பதிப்பகத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. போர் வந்தது, மந்தம் போனது, கோபத்துக்கான காரணங்களும் மாறின. ஆனால் பொம்மையும் பனியனும் விற்கும் ஒரு சொத்தாக நாயகன் மாறிய பிறகு, அவன் செனட்டரைத் துரத்துவது யாருக்கும் சௌகரியமாக இருந்திருக்காது.

எழுதியவர்களுக்கு முதல் சில வருஷம் நல்ல வருமானம்தான், அதை மறைக்க வேண்டாம். க்ளீவ்லேண்டில் உதவியாளர்களை வைத்துப் பக்கம் பக்கமாகச் செய்து அனுப்பினார்கள். ஆனால் அது கூலி, பங்கு இல்லை. 1947-ல் வழக்குப் போட்டார்கள். சூப்பர்மேனை விற்றது செல்லும் என்றது தீர்ப்பு. சிறுவயது சூப்பர்மேனான சூப்பர்பாய் மட்டும் சீகலுக்கு உரியது என்றது. 1948-ல் ஏறக்குறைய 94 ஆயிரம் டாலருக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் ஆனது. அதோடு கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. சீகல் 1959-ல் அதே பதிப்பகத்துக்குத் திரும்பி வந்து, பெயர் போடாமல் சூப்பர்மேன் கதை எழுதிக் கொடுத்தார். தன் கதைக்குத் தானே அநாமதேயக் கூலி! ஷஸ்டருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே போனது. கொஞ்ச காலம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைகூடப் பார்த்தார்.

1975-ல் சூப்பர்மேன் படம் பெரிய செலவில் வரப்போகிறது என்ற செய்தி பார்த்து, சீகல் பத்திரிகைகளுக்குக் கடுமையான ஓர் அறிக்கை அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் போன்ற ஓவியர்கள் கூட நின்றார்கள். அந்த வருஷக் கடைசியில் வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் தரவும், பெயரைத் திரும்பப் போடவும் ஒத்துக்கொண்டது. ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் இறந்தார்கள். அந்த 130 டாலர் காசோலைத் தாள் மட்டும் 2012-ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது.

இதெல்லாம் தெரிந்த பிறகு மறுபதிப்பின் முதல் பக்கத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தேன். தலைப்புக்குப் பக்கத்தில் ஜெரோம் சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. முதல் தடவை படித்தபோது அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். டிவியில் படம் ஓடும்போதும் தொடக்க எழுத்துகளில் அதே பெயர்கள் வந்திருக்கின்றன. எத்தனை முறை பார்த்தேனோ அத்தனை முறையும் கவனித்ததில்லை. எழுத்து முடிந்து கதை எப்போது தொடங்கும் என்று உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வரி நீக்கப்பட்டு, திரும்ப வந்து சேர 27 வருஷம் ஆகியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி இந்த முதல் இதழ் 2034 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆகிறது. இந்த 13 பக்கத்தில் இருக்கிற சூப்பர்மேனை, தாவுவான் ஆனால் பறக்க மாட்டான் என்கிற அந்த ஆளை, அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம், வரையலாம். தமிழில் யாராவது செய்தால், பறக்க விடாமல் தரையிலேயே ஓட விடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நம் பக்கத்திலும் எழுப்ப வேண்டிய கவர்னர்கள் இருக்கிறார்கள்.